அழிக்காமல் விட்ட டோக்கன்கள்

கியென் அந்த லேப்டாப்பை மேஜைமேல் வைத்த விதம் தியெப்புக்குப் பிடித்திருந்தது. தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் மெதுவாக வைத்தான். மழையில் நனைந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மூடிமேல் விழுந்திருந்த ஒரு துளியையும் துடைத்தான். தங்கையின் பொருளை இப்படித் தொடுகிறவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று நினைத்தாள். துப்பறியும் தொழிலில் இருப்பவர்கள் நினைக்கக் கூடாத நினைப்பு அது.

சைகோன் நகரத்தின் நான்காம் வட்டாரத்துச் சந்து ஒன்றில், நூடுல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவள் அலுவலகம். எலும்பு கொதிக்கும் வாசனை மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தது. கியென் சொன்ன கதை சுருக்கமானது. தங்கை லுவான், ஆறு வயது மகளோடு வீட்டை விட்டுப் போய்விட்டாள். கொஞ்ச காலமாகவே மனசு சரியில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மகளைப் பார்க்காமல் கண்ணை மூட மாட்டேன் என்கிறார். வயது வந்தவள், தானாகப் போயிருக்கிறாள், நாங்கள் என்ன செய்வது என்று போலீஸில் கையை விரித்துவிட்டார்கள்.

அவன் பேச்சில் ஹனோய் வாடை அடித்தது. தியெப்பும் வடக்கே பிறந்தவள்தான். சைகோனில் இருபது வருஷம் குடித்தனம் நடத்தியும் காதுக்கு அந்தப் பேச்சுதான் இதமாக இருந்தது. தங்கை தெற்கே பென் செ மாகாணத்துப் பெண் என்று சொல்லியிருந்தான். அவளுக்கு வடக்கத்தி அண்ணன் எப்படி என்று கேட்டபோது, அவன் தயங்காமல் பதில் சொன்னான்.

"அப்பாவுக்கு ஹனோய்ல வேலை. சின்ன வயசுலயே என்னைக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அவ அம்மாகூட பென் செல வளர்ந்தா. நாங்க ரெண்டே பேருதான் அக்கா. நான் மூத்தவன், அவ அடுத்தவ. அதனாலதான் வீட்ல அவளை ஹய்னு கூப்பிடுவாங்க."

ஹய் என்றால் இரண்டு. தியெப் தலையசைத்தாள். அவன் லேப்டாப்பின் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டு, எது தெரிந்தாலும் உடனே செய்தி அனுப்பும்படி கேட்டுக்கொண்டு படியிறங்கினான்.

எதிரே, இரண்டு கையிலும் ஐஸ் காபியோடு ஏறி வந்த சின், வழிவிட முடியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டான். சின் என்றால் ஒன்பது. பெரிய குடும்பத்துப் பிள்ளை என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். நாற்பது வயது, அதற்கு மிஞ்சிய தொப்பை. இதே சந்தில் இண்டர்நெட் சென்டர் வைத்திருந்தவன். ஊரில் எல்லார் கையிலும் போன் வந்தபிறகு கடையை மூடிவிட்டுத் தியெப்போடு சேர்ந்துகொண்டான். அவன் கைக்கு எந்தக் கம்ப்யூட்டரும் பணியும். வாய்தான் யாருக்கும் பணியாது.

"இந்த ஆளு சிரிச்சுக்கிட்டே இறங்குறாரு. கேஸ் குடுக்க வந்தாரா, நம்மளப் பொண்ணு பார்க்க வந்தாரா?" என்றபடி காபியை வைத்தான்.

தியெப் விவரம் சொன்னாள். சின் லேப்டாப்பைத் திறந்து, எந்தெந்தப் பக்கங்கள் பார்க்கப்பட்டன என்ற ஹிஸ்டரியைத் தேடினான். வெறுமையாக இருந்தது. தேடிய சொல் ஒன்றுகூட மிச்சமில்லை. கழுவித் துடைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் தியெப்.

"அவ்வளவுதான்னு அவங்க நினைச்சிருக்காங்க." சின் வேறொரு பக்கத்தைத் திறந்தான். "ஹிஸ்டரியை அழிச்சாங்க. குக்கியை விட்டுட்டாங்க."

தியெப்புக்கு அந்தப் பெயர் தெரியும், பொருள் பிடிபட்டதில்லை. எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் 'குக்கிகளை ஏற்கிறீர்களா' என்று கேட்கும். தொல்லை ஒழிந்தால் சரி என்று ஆமாம் போட்டுவிடுவாள். நாட்டில் எல்லாரும் செய்வதும் அதுதான்.

"சந்தைக்குப் போறீங்க அக்கா. வாசல்ல பைக்கை விடுறீங்க. காவல்காரன் ஒரு டோக்கன் தர்றான். பையில போட்டுக்கிறீங்க. வீட்ல யாராவது எங்க போனேன்னு கேட்டா, எங்கேயும் போகலைன்னு சொல்லிடலாம். ஆனா பையை உதறினா டோக்கன் விழும்ல? ஹிஸ்டரியை அழிக்கிறதுங்கிறது நீங்க சொல்ற பொய். குக்கிங்கிறது பையில கிடக்கிற டோக்கன். ஒவ்வொரு சைட்டும் நம்ம பையில ஒண்ணு போட்டு அனுப்புது. மறுபடி போனா, அதைப் பார்த்துட்டுத்தான் நம்மள அடையாளம் கண்டுபிடிக்குது."

"பிஸ்கட் பேரை வச்சுட்டு இந்த வேலையா?"

"பேரு பிஸ்கட்டு. தின்னுறது நாம இல்ல, நம்மளத்தான் தின்னுது."

திரையில் ஒரு நீண்ட பட்டியல் விரிந்தது. லுவான் போன இடங்கள் மட்டுமில்லை. போகாத இடங்களும் அதில் இருந்தன. கடை வாசலில் காவல்காரன் பக்கத்திலேயே விளம்பரக்காரன் ஒருவன் நின்று, தன் டோக்கனையும் நம் பையில் நழுவவிடுவான் என்று சின் விளக்கினான். அதே ஆள் ஆயிரம் கடை வாசலில் நிற்பதால், நாம் எங்கெங்கே போகிறோம் என்பது அவனுக்கு அத்துப்படி. செருப்பு பார்த்தவனைச் செருப்பு விளம்பரம் ஊரெல்லாம் துரத்துவது இப்படித்தான்.

பட்டியலில் ஒரு பேருந்து நிறுவனம் இருந்தது. குழந்தைத் துணிக்கடை ஒன்று. வானிலைப் பக்கம் ஒன்று. மகளிர் உதவி மையம் ஒன்று.

"மனசு சரியில்லைன்னு சொன்னாரே, அதுக்கா இருக்கும்" என்று உதவி மையத்தைத் தாண்டிப் போனான் சின். தியெப்பும் தாண்டிப் போனாள்.

"இப்படி ஒவ்வொண்ணாத் தோண்ட வேண்டாம்" என்றாள் அவள். "விளம்பரக்காரனுக்கு எல்லாம் தெரியும்னா, அவனையே கேப்போம். ஏதாவது ஒரு செய்திப் பக்கத்தைத் திற."

சின் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு திறந்தான். வெள்ளச் செய்தி, கால்பந்துச் செய்தி. அவற்றுக்கு நடுவே விளம்பரங்கள். குழந்தைகளுக்கான கம்பளித் தொப்பி. காதுவரை மூடும் குல்லாய். தடித்த காலுறை, சின்ன அளவு. ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் பழம் பறிக்க ஆட்கள் தேவை.

வருஷம் முழுக்க வியர்த்து வழியும் சைகோனில் யாரும் பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி வாங்க மாட்டார்கள். குளிர், ஸ்ட்ராபெரி இரண்டும் சேர்ந்த இடம் என்றால் மலைமேல் இருக்கும் தாலாத். ஒரு ராத்திரிப் பேருந்துப் பயணம்.

தியெப் கியெனுக்குச் செய்தி அனுப்பினாள்: தாலாத் பக்கம் போலிருக்கிறது, முகவரி தேடுகிறோம். பதில் உடனே வந்தது. விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டானாம். மாலை விமானம் இருக்கிறது. ஏறுவதற்குள் முகவரி கிடைத்தால் புண்ணியமாகப் போகும் என்று எழுதியிருந்தான்.

"பாசக்கார அண்ணன்" என்றாள்.

"எனக்கும் நாலு அண்ணனுங்க இருக்கானுங்க. நான் தொலைஞ்சா அந்த வாரம் சோறு மிச்சம்னு சொல்லுவானுங்க" என்றான் சின், பேருந்து நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்துகொண்டே.

கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. லுவான் கடைசியாக உள்ளே போனவள், லாக் அவுட் செய்து வெளியேறாமல் பக்கத்தை மட்டும் மூடியிருக்கிறாள். டோக்கன் இன்னும் செல்லுபடியாகிறது. டோக்கனை நீட்டினால் வண்டியைத் தள்ளிக் கொடுக்கிற காவல்காரன் மாதிரிதான் இதுவும், முகத்தைப் பார்க்காது என்றான் சின். பயண விவரம் விரிந்தது. சைகோனிலிருந்து தாலாத். பெரிய ஆள் ஒன்று, குழந்தை ஒன்று. பேருந்து நிலையத்திலிருந்து சின்ன வேனில் கொண்டுபோய் விட வேண்டிய இடத்தின் முகவரியும் அதில் இருந்தது: தெருப் பெயர், சந்தின் எண், பச்சை இரும்புக் கதவு. பக்கத்தின் தலைப்பில், 'வணக்கம், ஹய் லுவான்' என்ற வரவேற்பு.

சின் முகவரியைப் போனில் தட்டத் தொடங்கினான். தட்டிக்கொண்டே, "தலைச்சன் பொண்ணு. அதான் இவ்வளவு நெஞ்சுத் தைரியம், சின்னப் புள்ளையோட மலை ஏறியிருக்கு" என்றான்.

"தலைச்சன் இல்ல, ரெண்டாவது. பேர்லயே இருக்கே."

"என்ன அக்கா, இத்தனை வருஷமா எங்க ஊர்ச் சோத்தைத் தின்னுட்டு. நான் வீட்ல எட்டாவது. என் பேரு என்ன?"

தியெப் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

தெற்கே மேகோங் ஆற்றுப் பக்கத்தில் மூத்த பிள்ளையை ஒன்று என்று கூப்பிட மாட்டார்கள். தலைச்சன் மேல் கெட்ட கண் விழும் என்று பயம். அதனால் எண்ணிக்கையே இரண்டில்தான் தொடங்கும். மூத்தது ஹய், அடுத்தது மூன்று, அதற்கடுத்தது நான்கு. வடக்கில் அப்படி இல்லை. அங்கே இரண்டு என்றால் இரண்டுதான். இது அவளுக்குத் தெரியாததல்ல. சந்துக்குள் தினமும் காதில் விழுகிற பெயர்கள். ஆனால் கியெனின் பேச்சு பிறந்த ஊர்ப் பேச்சாக இருந்ததால், காதும் பிறந்த ஊர்க் காதாகவே கேட்டுவிட்டது.

"அனுப்பாதே" என்றாள்.

"என்ன ஆச்சு?"

"லுவான் பென் செல அம்மா கையில வளர்ந்தவ. அவளுக்கு மேல ஒரு அண்ணன் இருந்திருந்தா அந்த அம்மா அவளை மூணுன்னுதான் கூப்பிட்டிருப்பா. ஹய்னு கூப்பிட்டா, அவளுக்கு மேல யாருமே கிடையாது."

சின்னின் விரல் திரைக்கு மேலே அப்படியே நின்றது.

அவள் கியெனை அழைத்தாள். குரலில் எந்த மாற்றமும் காட்டவில்லை. முகவரி கிட்டத்தட்ட கிடைத்துவிட்டது, தங்கியிருக்கும் வீட்டுக்காரர்கள் சொந்தக்காரர்தானா என்று சந்தேகப்படுகிறார்கள், அடையாளத்துக்கு ஒரு விஷயம் வேண்டும் என்றாள்.

"வீட்ல அம்மா உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க, தம்பி?"

பின்னால் விமான நிலைய அறிவிப்பு கேட்டது. "மூத்தவன்தானே. 'கா'ன்னு கூப்பிடுவாங்க."

கா என்பது மூத்த பிள்ளைக்கு வடக்கத்தியார் வைத்த சொல். பென் செயில் பிறந்து வளர்ந்த எந்தத் தாயின் நாக்கிலும் அது வராது. தியெப் நன்றி சொல்லிவிட்டு வைத்தாள்.

பட்டியலை மறுபடி திறக்கச் சொன்னாள். மகளிர் உதவி மையம் அதே இடத்தில் இருந்தது. அதற்குக் கீழே, முன்பு கவனிக்காத இன்னொன்று: விவாகரத்து மனு எப்படிப் போடுவது என்று விளக்கும் சட்டப் பக்கம். மனசு சரியில்லாதவள் என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். எல்லாவற்றையும் அந்தக் கண்ணாடி வழியாகவே பார்த்திருக்கிறார்கள். அவன் அண்ணன் இல்லை. யாரிடமிருந்து தப்பிக்க இவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினாளோ, அவன். அவனுக்குத் தாலாத் என்று கைகாட்டியது தியெப்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் அழி என்ற பொத்தானைத் தேடினாள். சின் அவள் கையைத் தடுத்தான்.

"இருங்க அக்கா. நம்ம டோக்கனைக் கிழிச்சா, வண்டி உள்ளதான் நிக்கும். அவன் இதுக்கு ஒரு நகல் எடுத்து வச்சிருந்தா, அதைக் காட்டி உள்ள போயிடுவான். முதல்ல காவல்காரன்கிட்ட சொல்லி டோக்கனையே ரத்து பண்ணணும். அப்புறம்தான் கிழிக்கணும்."

பேருந்துக் கணக்கில் லுவானின் போன் எண் இருந்தது. தியெப் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். சின் அமைப்புகளுக்குள் போய், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்பதை அழுத்தினான். மின்னஞ்சலும் திறந்தே கிடந்தது. ஒன்றையும் படிக்காமல், அதிலிருந்தும் அப்படியே வெளியேறினான். பிறகு குக்கிகளையும், பக்கங்கள் சேமித்து வைத்த தகவல்களையும், முதல் நாளிலிருந்து இன்றுவரை என்று தேர்ந்தெடுத்து அழித்தான். பட்டியல் காலியானது.

"காலியா இருந்தா சந்தேகப்படுவான்" என்றாள் தியெப். "அவன் தாலாத்துக்கு ஏறப்போறான். நான் வேற ஊர் பேரு சொன்னா நம்ப மாட்டான். ஆதாரம் கேப்பான்."

சின் தொப்பையைத் தடவிக்கொண்டு யோசித்தான். பிறகு மெல்ல நிமிர்ந்தான். "டோக்கனை எடுக்க முடியும்னா, போடவும் முடியும்ல?"

குளிருக்கு இன்னொரு ஊர் இருக்கிறது. நாட்டின் அடுத்த கோடியில், சீன எல்லை ஓரம், சா பா. சின் சா பா விடுதிகளைத் தேடினான். மலைக்குப் போகும் வேன்களை, வாடகை அறைகளை, பிள்ளைகளுக்கான குளிராடைகளைத் தேடினான். குக்கி கேட்ட ஒவ்வொரு பக்கத்திலும் எல்லாவற்றையும் ஏற்கிறேன் என்று அழுத்தினான்.

"என் கல்யாணத்துல கூட இவ்வளவு தடவை நான் தலையாட்டல" என்று முணுமுணுத்தான்.

செய்திப் பக்கத்தைத் திறந்தார்கள். ஷாம்பூ விளம்பரம் வந்தது. மறுபடி திறந்தார்கள். மறுபடி ஷாம்பூ. தியெப்பின் போன் அதிர்ந்தது. ஏறப் போகிறேன், முகவரி எங்கே என்று கேட்டிருந்தான். சின் இன்னும் இரண்டு விடுதிகளுக்குள் போய், அறைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தைத் திறந்தான். பனிமூட்டத்தில் ஒரு மரவீடு. சா பாவில் மாத வாடகைக்கு அறைகள். அதன் கீழே சின்னப் பிள்ளைக் கையுறை.

தியெப் அதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு அழைத்தாள்.

"தாலாத்துன்னு சொன்னீங்களே" என்றான் கியென். குரலில் பழைய குழைவு இல்லை.

"குளிர்னு தெரிஞ்சுது தம்பி. எந்தக் குளிர்னு அவசரப்பட்டுட்டேன். அந்த வீட்ல இருந்தது வேற யாரோ. படத்தைப் பாருங்க. அவ தேடினது பூரா அங்கதான்."

பின்னால் விமான நிலைய அறிவிப்பு மறுபடி கேட்டது.

"அங்கயா" என்றான், தனக்குத்தானே பேசுகிறவன் போல. "கல்யாணம் ஆன புதுசுல நான் கூட்டிட்டுப் போன இடம்."

சொன்னது என்ன என்று அவனுக்கே உறைக்கவில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டது. கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது: ஹனோய் விமானத்துக்கு டிக்கெட் மாற்றிவிட்டேன், லேப்டாப்பை வந்து வாங்கிக்கொள்கிறேன்.

தியெப் உள்ளங்கையை விரித்து எண்ணைப் பார்த்தாள். மை பாதி கலைந்திருந்தது. அழைத்ததும் ஒரு பெண் குரல், யாரென்று கேட்காமல், ஹலோ மட்டும் சொன்னது.

"என் பேரு தியெப். சைகோன்ல துப்பறியும் வேலை பாக்குறேன். உங்க லேப்டாப் என்கிட்ட இருக்கு. உங்க வீட்டுக்காரர் கொண்டுவந்து குடுத்தாரு."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

"வச்சுட்டாங்களா?" என்றான் சின்.

"வச்சுட்டா. நானா இருந்தாலும் வச்சிருப்பேன்." மறுபடி அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மூன்றாம் முறை எடுத்தாள்.

"அவரு எங்க இருக்காரு?"

"ஹனோய் போறாரு. நீங்க சா பால இருக்கிறதா நம்பிட்டாரு. ஆனா அதுக்கு முன்னாடி தாலாத்துன்னு சொல்லிட்டேன். அப்ப அவர் உங்க அண்ணன்னு நினைச்சேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தியெப்புக்கு இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தானே வந்தேன் என்றாள். தியெப் சொன்னாள்: ஹிஸ்டரி வேறு, குக்கி வேறு. இனி எந்தக் கருவியில் எந்தக் கணக்குக்குள் போனாலும், பக்கத்தை மூடுவதோடு விடாமல், லாக் அவுட் செய்துவிட்டு வர வேண்டும். அடுத்தவர் கருவி என்றால், எதையும் சேமிக்காத தனி ஜன்னலில் திறக்க வேண்டும். கைபோனிலும் குக்கிகளை இப்போதே அழிக்க வேண்டும். ஏற்கிறீர்களா என்று கேட்டால், மறுக்கிற பொத்தான் சின்னதாக எங்கேயாவது ஒளிந்திருக்கும். தேடி அழுத்த வேண்டும். உதவி மையத்தை இன்றே தொடர்புகொள்ள வேண்டும், ஆனால் பழைய மின்னஞ்சலில் இருந்து அல்ல.

லுவான் ஒவ்வொன்றுக்கும் சரி என்றாள். பிறகு கேட்டாள்.

"சா பால நான் இல்லைன்னு அவருக்கு எப்பத் தெரியும்?"

"போய்த் தேடிப் பாத்ததும். அப்புறம் அவருக்கு ஞாபகம் வரப்போறது தாலாத்துதான்."

"அப்ப இங்கேயும் இருக்க முடியாது."

மறுமுனையில் ஒரு குழந்தை யாரிடமோ எதையோ விடாமல் கதையளந்துகொண்டிருந்தது. இடையிடையே வேறொரு சின்னக் குரல் சிரித்தது.

"இங்க வந்துதான் என் மக மறுபடி பேச ஆரம்பிச்சா, அக்கா" என்றாள் லுவான். "பக்கத்து வீட்டுப் பொண்ணுகூட. அங்க இருந்தவரைக்கும் வாயே திறக்க மாட்டா."

போனை எங்கேயோ வைத்துவிட்டாள் போலிருக்கிறது, அணைக்க மறந்திருந்தாள். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பை ஒன்றின் ஜிப் முழு நீளத்துக்கும் இழுபடும் சத்தம் கேட்டது. தாய் மகளைக் கூப்பிட்டாள். கதையளந்துகொண்டிருந்த குரல் பாதி வார்த்தையில் நின்றது.